எச்.டி கேமரா, எச்.டி டிவி... ஆனாலும் படம் ஏன் மங்கல்? - பாக்கெட் கேம்கார்டர் 'ஃபிளிப்'பின் கதை

நடுவில் பெரிதாக ஒரு சிவப்பு பட்டன். அமுக்கினால் ரெக்கார்டு ஆகும். இன்னொரு தடவை அமுக்கினால் நிற்கும். மெனு கிடையாது, கேசட் கிடையாது, படித்துப் பார்க்கத் தடிமனான கையேடும் தேவையில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

'ஃபிளிப்' என்ற இந்தக் குட்டி வீடியோ கேமராவை இன்றைய கல்லூரி மாணவர்கள் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் இதற்கு இருந்த மவுசே தனி. பிறந்தநாள் கேக், பள்ளி நாடகம், குழந்தையின் முதல் நடை என்று ஏராளமான வீடுகளின் நினைவுகள் இதில்தான் பதிவாயின. இன்று நம் கையில் இருக்கும் போன் வீடியோவுக்கு இது பெரியம்மா முறை என்றே சொல்லலாம்.

இதன் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 'எச்.டி' என்று போட்ட கேமராவை வாங்கினார்கள். 'எச்.டி' என்று போட்ட பெரிய டிவியையும் வாங்கினார்கள். இரண்டையும் வயர் போட்டு இணைத்தால், படம் பழைய டிவியில் வந்த மாதிரியே மங்கலாக வந்தது! அதே சமயத்தில் அமெரிக்க அரசு நாடு முழுக்க டிவி ஒளிபரப்பை டிஜிட்டலுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. 'டிஜிட்டல் வந்துவிட்டால் எல்லாமே எச்.டி-தானே' என்று நினைத்தவர்களுக்கும் ஏமாற்றம்தான்.

இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றே. நம் வீட்டு ஹாலிலும் அது இன்றுவரை இருக்கிறது என்பதால்தான் இந்தக் கதை.

மருந்துக்கடையில் விற்ற கேமரா

சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்த 'ப்யூர் டிஜிட்டல்' என்ற சின்ன கம்பெனிதான் ஃபிளிப்பின் தாய்வீடு. ஜொனாதன் கப்லான் இதன் தலைவர். ஆரம்பத்தில் அவர்கள் செய்தது, ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் டிஜிட்டல் கேமரா. 2005-ல் அதே பாணியில் ஒரு வீடியோ கேமராவையும் கொண்டுவந்தார்கள். சி.வி.எஸ் என்ற மருந்துக்கடை சங்கிலியில் விலை சுமார் 30 டாலர். 20 நிமிடம் படம் பிடிக்கலாம். பிறகு கேமராவைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தனியாகக் காசு கட்டினால் டிவிடி-யில் போட்டுத் தருவார்கள். ஃபிலிம் ரோலைக் கழுவக் கொடுப்போமே, அதே ஏற்பாடு.

கொஞ்ச நாளிலேயே விஷயம் தெரிந்த இளைஞர்கள் சிலர், வேறு கருவியின் கேபிளை வெட்டி ஒட்டி, கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைத்து வீடியோவைத் தாங்களே எடுத்துவிட்டார்கள். கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வேலையே இல்லாமல் போனது. அடுத்து வந்த மாடல்களில் கம்பெனியே யூ.எஸ்.பி முனையைக் கேமராவுக்குள் வைத்துவிட்டது. பக்கவாட்டில் இருக்கும் விசையைத் தள்ளினால், மடக்குக் கத்தி விரிவது போல யூ.எஸ்.பி முனை வெளியே வரும். கம்ப்யூட்டரில் நேராகச் செருகலாம். கேபிளைத் தேட வேண்டாம். 'ஃபிளிப்' என்ற பெயர் இந்தக் கைக்குத்தான் பொருந்துகிறது.

இதில் இல்லாதவற்றின் பட்டியல் நீளம். லென்ஸ் நகர்ந்து செய்யும் ஜூம் கிடையாது, ஃபோகஸ் மாற்ற முடியாது, விளக்கு கிடையாது, வெளி மைக் செருக இடம் கிடையாது. கேமரா விமர்சகர்கள் இதையெல்லாம் குறையாக எழுதினார்கள். வாங்கியவர்கள் கண்டுகொள்ளவில்லை. அன்றைய 'ஒழுங்கான' கேம்கார்டரில் மினி டிவி கேசட் இருக்கும். ஒரு மணி நேரம் எடுத்ததைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். அதனால் பல வீடுகளில் ஏற்றாமலே கேசட்டுகள் டப்பாவில் தூங்கின. 2009-ல் சிஸ்கோ இந்தக் கம்பெனியை வாங்கியபோது ஏறக்குறைய 20 லட்சம் ஃபிளிப்கள் விற்றிருந்தன.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. ஃபிளிப்பை இன்றைய போன் மாதிரி நெட்டுக்குத்தலாகத்தான் பிடிப்பார்கள். ஆனால் பதிவாகும் படம் டிவிக்கு ஏற்ற மாதிரி அகலவாக்கில் இருக்கும். உள்ளே சென்சாரையே அப்படித் திருப்பி வைத்திருந்தார்கள். போன் நிமிர்ந்தால் படமும் நிமிர்ந்துவிடுகிறது. கல்யாண வீடியோவை டிவியில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவில் ஒல்லியாக மாப்பிள்ளை, பெண். இந்தத் தலைவலி ஃபிளிப் காலத்தில் இல்லை.

மஞ்சள் பின் செய்த வேலை

2008 நவம்பரில் 'மினோ எச்.டி' வந்தது. 4 ஜி.பி உள் நினைவகம், 60 நிமிடப் பதிவு, விலை 229.99 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 11,000 ரூபாய். அதுவரை வந்த ஃபிளிப்களின் படம் 640-க்கு 480, அதாவது ஒரு ஃபிரேமில் சுமார் 3 லட்சம் புள்ளிகள். மினோ எச்.டி-யில் 1280-க்கு 720. புள்ளிகள் 9 லட்சத்தைத் தாண்டின. மூன்று மடங்கு! கம்ப்யூட்டர் திரையில் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

டிவியில் போட்டவர்கள்தான் தலையைச் சொறிந்தார்கள். காரணம், அந்த முதல் மினோ எச்.டி-யில் எச்.டி.எம்.ஐ துளை இல்லை. டிவியோடு இணைக்க இருந்தது பழைய ஏ.வி வயர், அந்த மஞ்சள் பின் வயர்தான். வண்ணம், வெளிச்சம் இரண்டையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும் அனலாக் இணைப்பு அது. அமெரிக்க முறையில் அதில் போகக்கூடியது 480 வரிகள் மட்டுமே. கேமராவுக்குள் 720 வரிகள், டிவியில் அதைவிட அதிக வரிகளுக்கு இடம். நடுவில் இருந்த ஒரு வயர் எல்லாவற்றையும் 480-க்கு இறக்கிவிட்டது.

2009-ல் வந்த 'அல்ட்ரா எச்.டி'யில் 8 ஜி.பி நினைவகம், இரண்டு மணி நேரப் பதிவு, கூடவே எச்.டி.எம்.ஐ துளை. விலையும் 30 டாலர் குறைவு. அப்போதுதான் பலருக்கும் தங்கள் டிவி எவ்வளவு தெளிவாகக் காட்டக்கூடியது என்று தெரிந்தது.

எச்.டி என்பது கேமராவில் ஒட்டிய ஸ்டிக்கரோ, டிவியில் ஒட்டிய ஸ்டிக்கரோ இல்லை. படம் பிடித்த இடத்திலிருந்து உங்கள் கண் வரை வரும் பாதை முழுக்க அது இருக்க வேண்டும். வழியில் எது மிகக் குறுகலோ, கடைசியில் வந்து சேரும் தரம் அதுதான்.

நம் வீடுகளில் இன்றும் நடப்பதைப் பாருங்கள். 43 இன்ச் டிவி வாங்கியிருப்பார்கள். எச்.டி செட்டாப் பாக்ஸுக்குத் தனிக் கட்டணமும் கட்டுவார்கள். பின்னால் எட்டிப் பார்த்தால், பழைய டிவியில் இருந்த சிவப்பு-வெள்ளை-மஞ்சள் வயரையே எடுத்து மாட்டியிருப்பார்கள். நம் முறையில் அந்த மஞ்சள் வயரில் 576 வரிதான் போகும். உடனே எழுந்துபோய் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எச்.டி.எம்.ஐ கேபிள் ஒன்றும் பெரிய விலை இல்லை.

அமெரிக்கா ஆன்டெனாவை மாற்றிய நாள்

இப்போது டிவி பக்கம். 2009 ஜூன் 12-க்குள் அமெரிக்காவின் பெரிய டிவி நிலையங்கள் எல்லாம் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. முதலில் குறித்த நாள் பிப்ரவரி 17. ஆனால், ஜனவரியில் நீல்சன் நிறுவனம் எடுத்த கணக்கில் 65 லட்சம் வீடுகள் தயாராகவே இல்லை என்று தெரிந்தது. பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத ஒபாமா, தேதியைத் தள்ளிவைக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

கேபிள், டிஷ் வைத்திருந்தவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. சிக்கல், டிவி மேலே இரண்டு கம்பிகளை நீட்டிக்கொண்டு இலவசமாகப் பார்த்தவர்களுக்கு. அவர்களில் வயதானவர்களும், வருமானம் குறைந்தவர்களும், கிராமத்தில் இருந்தவர்களும் அதிகம். பழைய டிவிக்கு டிஜிட்டல் சிக்னல் புரியாது. அதை மொழிபெயர்த்துச் சொல்ல நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும். அதற்காக அரசு வீட்டுக்கு இரண்டு கூப்பன் கொடுத்தது, ஒவ்வொன்றும் 40 டாலர். 90 நாளில் பயன்படுத்தாவிட்டால் செல்லாது. 2009 தொடக்கத்தில் கூப்பன் நிதியே தீர்ந்துபோய், விண்ணப்பித்தவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டிவந்தது.

அந்தப் பெட்டி வழியே எச்.டி வருமா என்றால், வராது. கூப்பனில் வாங்கக்கூடிய பெட்டியில் எச்.டி.எம்.ஐ துளை இருக்கவே கூடாது என்பது அரசு போட்ட விதி. பழைய டிவி கெட்டுப் போகாமல் ஓட வேண்டும் என்பதற்கான உதவி அது. மக்கள் வரிப்பணத்தில் யாருக்கும் எச்.டி வசதி செய்து கொடுக்கும் எண்ணம் அதில் இல்லை. டிஜிட்டல் என்றால் படத்தை எண்களாக மாற்றி அனுப்புவது. எச்.டி என்றால் அந்தப் படத்தில் புள்ளிகள் அதிகம் என்பது. எச்.டி ஒளிபரப்பு டிஜிட்டலில் வரும். டிஜிட்டலில் வருவதெல்லாம் எச்.டி ஆகாது.

மாற்றத்தின் முன்னோட்டம் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில், 2008 செப்டம்பர் 8 நண்பகலில் நடந்தது. அங்கே ஒரு நிலையத்தின் அனலாக் அலை எட்டிய தூரத்துக்கு அதன் டிஜிட்டல் அலை எட்டவில்லை. பெட்டி வாங்கி ஒழுங்காக மாட்டியவர்கள் சிலருக்கும் அந்த சேனல் காணாமல்போனது.

மொட்டைமாடி ஆன்டெனா காலத்து ஆட்களுக்கு இது வியப்பாக இருக்கும். மேலே அப்பா கம்பத்தைத் திருப்ப, கீழேயிருந்து "தெரியுது, தெரியுது... ஐயோ போயிடுச்சு, கொஞ்சம் லெஃப்டுல!" என்று கத்துவோம் என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். சிக்னல் குறையக் குறைய, திரையில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் கூடும். ஆனாலும் யார் பேசுகிறார், எத்தனை ரன் என்பது தெரியும். டிஜிட்டலில் அந்த அரைகுறையே கிடையாது. எண்கள் போதுமான அளவு வந்து சேர்ந்தால் படம் கண்ணாடி மாதிரி. ஒரு அளவுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் கறுப்புத் திரை. அனலாக்கில் எறும்போடு பார்த்துப் பழகிய ஓரத்துக் கிராமங்களுக்கு, புதிய தொழில்நுட்பம் என்றால் டிவியே இல்லை என்று ஆனது. மழை பெய்தால் டிஷ்ஷில் 'நோ சிக்னல்' வருவதும் இதே கதைதான்.

ஜூன் 12 அன்று மட்டும் அரசின் உதவி எண்ணுக்கு 3 லட்சத்துக்கும் மேல் அழைப்புகள் வந்தன. அதில் நிறைய பேருக்குச் சொல்லப்பட்ட வைத்தியம் ரொம்ப எளிது. பெட்டியை இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள்! அன்று பல நிலையங்கள் அலைவரிசை மாறின. பெட்டி பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தது.

நம்மூரில் இந்த மாற்றம் கேபிள் வழியாக வந்தது. 2012 இறுதியில் பெருநகரங்களில் தொடங்கி, 2017 மார்ச் வரை நான்கு கட்டமாகக் கெடு வைத்தார்கள். 'எதுக்கு இந்தப் பெட்டி?' என்று கேபிள்காரரிடம் நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்ட கேள்வியும், வில்மிங்டன் பாட்டிகள் கேட்ட கேள்வியும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

720பியா, 1080ஐயா?

டிவி கடையில் அதிகம் குழப்பும் எழுத்துகள் இவை. அன்று அமெரிக்காவில் ஏ.பி.சி, ஃபாக்ஸ் சேனல்கள் 720பி-யில் ஒளிபரப்பின. என்.பி.சி, சி.பி.எஸ் 1080ஐ-யில். எண் பெரிது என்பதால் 1080ஐ உசத்தி என்று நினைத்துவிடக் கூடாது. 'பி' என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் வரும். 'ஐ' என்றால் ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை. அசையாத காட்சிக்கு 1080ஐ அழகு. பந்து பறக்கும் விளையாட்டில் அந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவில் பந்து நகர்ந்துவிடும், ஓரம் சீப்புப் பல் மாதிரி பிசிறடிக்கும். அதனால்தான் விளையாட்டு சேனலான ஈ.எஸ்.பி.என் 720பி-யைத் தேர்ந்தெடுத்தது. ஃபிளிப் எச்.டி-யும் 720பி-தான். ஆனால் ஒரு நொடிக்கு 30 ஃபிரேம், சேனல்களில் 60.

இதைவிட முக்கியமானது, யாரும் ஸ்டிக்கரில் போடாத ஒரு எண். ஒரு நொடிக்கு எத்தனை பிட்? 1080 படத்தை அமுக்காமல் அப்படியே அனுப்பினால், நொடிக்கு 30 ஃபிரேம் கணக்கில் சுமார் 150 கோடி பிட் வேண்டும். அமெரிக்காவில் ஒரு டிவி நிலையத்துக்கு ஒதுக்கிய அலைவரிசையில் போகக்கூடியது நொடிக்கு 1.94 கோடி பிட்தான். ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறாததை விட்டுவிட்டு, மாறியதை மட்டும் அனுப்பி இந்த அமுக்கலைச் செய்கிறார்கள். ஒரே அலைவரிசையில் மூன்று நான்கு சேனல்களைத் திணித்தால் ஒவ்வொன்றுக்கும் பங்கு குறையும். புல்வெளி கட்டம் கட்டமாகத் தெரிவது அப்போதுதான்.

மினோ எச்.டி-யின் கணக்கையும் நாமே போட்டுப் பார்க்கலாம். 4 ஜி.பி-யில் 60 நிமிடம் என்றால் நொடிக்கு சுமார் 90 லட்சம் பிட். டிவி நிலையத்தின் பாதிக்கும் குறைவு. ஆனால் அது பயன்படுத்திய எச்.264 என்ற அமுக்கும் முறை, அமெரிக்க ஒளிபரப்பின் எம்பெக்-2 முறையைவிடப் புதியது, சிக்கனமானது. பட்டப்பகலில் தோட்டத்தில் எடுத்த ஃபிளிப் வீடியோ டிவி நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி இருந்தது அதனால்தான். இருட்டு அறையில் கதை வேறு. சின்ன லென்ஸ், சின்ன சென்சார், எச்.டி என்று எழுதியிருந்தாலும் மணல் தூவிய மாதிரிதான் வரும்.

நாம் தினமும் செய்யும் தவறும் இங்கேதான். 4கே-யில் எடுத்த பேரனின் வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், அது ஃபைலை நன்றாக அமுக்கிச் சின்னதாக்கிவிடுகிறது. தாத்தா அதை டிவியில் போட்டுவிட்டு, "போன் சரியில்லையா?" என்று கேட்பார். அனுப்பும்போது எச்.டி என்ற குறியைத் தொட்டால் கொஞ்சம் பரவாயில்லை. 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே போகும்.

59 கோடி டாலர், இரண்டே வருடம்

2009 மார்ச்சில் சிஸ்கோ நிறுவனம் ப்யூர் டிஜிட்டலை வாங்குவதாக அறிவித்தது. 59 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள். நெட்வொர்க் கருவிகளை ஆபீஸ்களுக்கு விற்கும் கம்பெனிக்கு வீட்டுக் கேமரா எதற்கு என்று அப்போதே பலர் புருவம் உயர்த்தினார்கள். அதே ஜூனில், ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறிய அதே மாதத்தில், வீடியோ எடுக்கும் முதல் ஐபோன் வந்தது. அதில் எச்.டி இல்லை. ஒரே வருடத்தில், 2010 ஜூனில் வந்த ஐபோன் 4-ல் 720பி இருந்தது. எடுத்த இடத்திலிருந்தே அனுப்பவும் முடிந்தது. ஃபிளிப்புக்குக் கம்ப்யூட்டர் வேண்டும்.

அனலாக் டிவி காலி செய்த அலைவரிசையை அரசு 2008-லேயே ஏலம் விட்டிருந்தது, சுமார் 1,900 கோடி டாலருக்கு. அதில் ஒரு பகுதியை வாங்கிய வெரைசான், 2010 டிசம்பரில் அதில்தான் 4ஜி சேவையைத் தொடங்கியது. டிவி விட்டுக்கொடுத்த இடத்தில் ஓடிய இன்டர்நெட், போன் வீடியோவுக்குச் சாலை போட்டுக் கொடுத்தது.

2011 ஏப்ரல் 12 அன்று சிஸ்கோ ஃபிளிப்பை மூடிவிட்டது. விற்கக்கூட முயலாமல் நேராக இழுத்து மூடியதுதான் பலருக்குக் கோபம். 550 பேருக்கு வேலை போனது. போன்தான் ஃபிளிப்பைக் கொன்றது என்று சொல்வது பாதி உண்மை. கடைகளில் அது அப்போதும் விற்றுக்கொண்டுதான் இருந்தது. நேரலை செய்யக்கூடிய ஒரு மாடல் வெளியீட்டுக்குத் தயாராக இருந்தது என்று நியூயார்க் டைம்ஸ் பத்தியாளர் டேவிட் போக் அந்த வாரமே எழுதினார். இன்னும் சில வருடம் தாக்குப்பிடித்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் போட்டி நிறுவனங்களான கோடக், சோனியின் பாக்கெட் கேம்கார்டர்களும் அதிக காலம் நிலைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் பீரோவில் ஒன்று இருந்தால்

அந்த வருடங்களில் அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பாவோ அத்தையோ கொடுத்த ஃபிளிப் ஏதாவது மூலையில் கிடந்தால், தூக்கி எறியாதீர்கள். வீடியோக்கள் உள் நினைவகத்தில்தான் இருக்கும். அதிலிருந்து கழற்றக்கூடிய மெமரி கார்டு கிடையாது.

பென்சில் பேட்டரி போடும் மாடல் என்றால் முதலில் பழைய பேட்டரியை எடுத்துவிடுங்கள். கசிந்து பச்சையாகப் பூத்திருக்கலாம். உள் பேட்டரி உள்ள மினோ உப்பியிருந்தால் சார்ஜ் போட வேண்டாம், கடையில் காட்டுங்கள். நல்ல நிலையில் இருந்தால் யூ.எஸ்.பி கையை விரித்துக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். கேமராவின் பாரத்தில் அந்தக் கை வளையும், அதனால் சின்ன நீட்டிப்பு கேபிள் வைத்துச் செருகுவது நல்லது. உயிர் வரக் கொஞ்ச நேரம் ஆகலாம்.

ஃபிளிப்பின் சொந்த சாஃப்ட்வேர் 'ஃபிளிப்ஷேர்' புது மேக்கில் ஓடாது. அதற்கான ஆதரவை 2013 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். அது தேவையும் இல்லை. பென் டிரைவ் மாதிரி ஒரு டிரைவ் திறக்கும். அதில் டி.சி.ஐ.எம் என்ற ஃபோல்டருக்குள் வீடியோக்கள் இருக்கும். அப்படியே இரண்டு இடத்தில் காப்பி செய்யுங்கள். எச்.டி மாடல்களின் எம்.பி.4 ஃபைலை பென் டிரைவில் போட்டு டிவியில் செருகினாலே பெரும்பாலும் ஓடும். ஆரம்ப மாடல்களின் ஏ.வி.ஐ ஃபைலை டிவி மறுத்தால், வி.எல்.சி-யில் பார்க்கலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் எம்.பி.4-ஆக மாற்றியும் கொள்ளலாம்.

காப்பி செய்ததும் ஃபைல் பெயரை மாற்றிவிடுங்கள். வெறும் எண்ணாக இருந்தால் பத்து வருடம் கழித்து யாருக்கும் புரியாது. யார், எங்கே, எந்த வருடம் என்பதோடு, எடுத்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஃபிளிப்பின் மைக், பிடித்திருப்பவர் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும். "இங்கே பாரு கண்ணா, சிரி" என்று படம் முழுக்கச் சத்தமாகக் கேட்பது, படத்தில் ஒரு தடவைகூட வராத அவருடைய குரல்தான்.